கூழ்ச் சுவர்

எங்கள் வீட்டு மேற்குச் சுவருக்குக் காத்திவாக்கத்தில் ஒரு பெயர் உண்டு. கூழ்ச் சுவர் என்பார்கள். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை, ஊர் அண்டாக்கள் அந்தச் சுவரோரம்தான் அடுப்பில் ஏறும். காலை வெயிலில் எங்கள் சந்தில் நிழல் தருவது அந்தச் சுவர் ஒன்றுதான் என்பதால், என் அப்பா காலத்தில் ஏற்பட்ட வழக்கம் அது. நிழலுக்காக ஏற்பட்டது, போகப் போக மரியாதையாகிவிட்டது. எந்த வீட்டு வாசலில் அடுப்பு மூட்டுகிறார்களோ அந்த வீட்டுக்குத்தான் முதல் சொம்பு. அம்மனுக்குப் படைத்ததும் அகப்பையில் அள்ளி முதலில் எங்கள் சொம்பில் ஊற்றுவார்கள். பிறகுதான் பஞ்சாயத்தார். அதற்குப் பிறகு ஊர்.

அப்பா வாங்கிய சொம்பை நான் வாங்குகிறேன். எனக்குப் பிறகு என் மகன் வெற்றி வாங்குவான். இதில் யாரும் கேள்வி கேட்டதில்லை, இந்த ஆடி வரை.

கேள்வி கேட்டவன் எதிர்வீட்டு ரகுபதி. இரண்டு விசைப்படகு வைத்திருக்கிறான். வாசலில் கிரானைட் கல் போட்டிருக்கிறான். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். கூழ் ஊற்றுவதைப் பற்றிப் பேச வலைக்கூடத்தில் ஊர் கூடியிருந்தபோது எழுந்து நின்றான்.

"பெர்சு கோச்சுக்கக் கூடாது. செவுரு சாஞ்சிகினு கீது. அதுக்குக் கீய பொம்பளைங்கள வரிசையா நிக்கவெச்சி கூழு ஊத்தறது சரியா படல."

"எந்தச் செவுரு?" என்றேன்.

"ஒன் செவுருதான். என் வூட்டு மாடில நின்னு பாரு. கரண்ட்டு கம்பத்தாண்ட வந்துகினே கீது."

"கம்பம் சாஞ்சிருக்கும்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "போன மழையில மொழங்கால் தண்ணி நின்னுச்சே, அதுல அஸ்திவாரம் ஊறிப்போயிருக்கும். ஒரு மேஸ்திரிய இட்டாரேன். மாடில ஏறி தூக்குகுண்டு வுட்டுப் பாக்கட்டும். நேரா இருந்தா ஒன் வாசல்லயே ஊத்து. இல்லன்னா இந்த வருசம் என் வாசல்ல வெச்சிக்கலாம்."

கடைசி வரிக்காகத்தான் முதல் வரியைச் சொன்னான் என்று எனக்குப் பட்டது. இடுப்பில் கட்டியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டேன். "என் வூட்டு மாடில எவனோ ஏறி நூல் புடிக்கிறதுக்கு என் வூடு இன்னா ஏலத்துக்கா வந்திருக்குது?"

பஞ்சாயத்துத் தலைவர் கை காட்டி அமர்த்தினார். ஆனால் அவரும், "லட்சுமணா, ஏதாவது ஒரு வழியில பாத்துட்றது நல்லது. கொழந்த குட்டிங்க நிக்கிற எடம்" என்றார்.

அப்போது நான் ஒரு வார்த்தை கொடுத்தேன். மீனவக் குடும்பத்தில் பிறந்தாலும் நான் விம்கோ நகரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இயந்திரம் நிறுத்துவதற்கு முன் மூலை சரியாக இருக்கிறதா என்று நாங்கள் பார்க்கிற முறை ஒன்று உண்டு. அதற்குக் குண்டும் வேண்டாம், நூலும் வேண்டாம், அளவு நாடா போதும். ஒரு பக்கத்தில் மூன்றடிக்குக் கோடு போடு. மறு பக்கத்தில் நான்கடிக்குக் கோடு போடு. இரண்டு கோட்டுக்கும் குறுக்கே நாடா பிடி. ஐந்தடி வந்தால் அந்த மூலை செங்கோணம். குறைந்தால் மூலை ஒடுங்கியிருக்கிறது. கூடினால் மூலை விரிந்திருக்கிறது. மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது, நான்கை நான்கால் பெருக்கினால் பதினாறு. கூட்டினால் இருபத்தைந்து, அது ஐந்தை ஐந்தால் பெருக்கியது. எந்த ஊரிலும் எந்தச் சாதிக்காரன் அளந்தாலும் மாறாத கணக்கு.

"என் கூடத்துல வந்து அளங்க" என்றேன். "செவுத்துல மூணடி, தரையில நாலடி. குறுக்க அஞ்சடி வந்தா செவுரு நேரா கீதுன்னு அர்த்தம். ஒரு நூல் கூடினாலும் அடுப்ப ரகுபதி வாசலுக்குத் தூக்கினு போங்க."

சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வருகிற வழியில்தான் அது எனக்கு உறைத்தது. சுவர் சந்துப் பக்கம் சாய்ந்திருந்தால் கூடத்தின் மூலை விரிந்திருக்கும். நாடா ஐந்தடியைத் தாண்டும். ஊர் முன்னால் தாண்டும்.

அவர்கள் மாலையில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் நானே ஒருமுறை அளந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. என் அப்பா கட்டிய சுவரை நானே சந்தேகப்பட்டு அளப்பதா? மத்தியானம் முழுக்கச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். முதுகு மட்டும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

கூடம் என்பது மேற்குச் சுவரை ஒட்டிய நீள அறை. மாலையில் அங்கே என் மருமகள் மோகனப்ரியா தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பாள். அன்றைக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, சுண்ணக்கட்டியோடு ஓரமாக நின்றாள். வெற்றி கடலுக்குப் போயிருந்தான், கரை திரும்பப் பத்து நாளாகும். பஞ்சாயத்தார் செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்தார்கள். ரகுபதி கடைசியாக வந்தான்.

"நாடாவ நீயே புடி" என்றேன் அவனிடம். "அப்பால நான் டபாய்ச்சேன்னு சொல்லக் கூடாது."

"நான் ஏன் அப்படிச் சொல்றேன்?"

"சொல்லாத வாயா அது?"

சுவரும் தரையும் சேரும் இடத்திலிருந்து சுவரில் மூன்றடி அளந்து மோகனப்ரியா கோடு போட்டாள். தரையில் நான்கடி அளந்து தலைவரே கோடு போட்டார். ரகுபதி முழங்காலிட்டு நாடாவின் நுனியைத் தரைக் கோட்டில் அழுத்திக்கொண்டான். மறு நுனியை நான் சுவர்க் கோட்டுக்கு இழுத்தேன். நாடா நடுவில் தொய்ந்தது. தகட்டு நாடா, சின்னத் தொய்வையும் சத்தமாகக் காட்டிக்கொடுக்கும்.

"தளர்த்தாம இஸ்துப் புடி பெர்சு" என்றான் ரகுபதி.

இழுத்துப் பிடித்தேன். தலைவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்தார். மூச்சு விட்டால்கூட எண் மாறிவிடும் என்பதுபோல எல்லாரும் நின்றார்கள்.

"அஞ்சு" என்றார். இன்னொரு முறை குனிந்தார். "அஞ்சடி. ஒரு நூலு கூட கொறைய இல்ல."

ரகுபதி எழுந்து வந்து பார்த்தான். சுவரின் இன்னொரு இடத்தில் அளக்கச் சொன்னான். அங்கேயும் ஐந்து. கூடத்தின் கோடியில் அளந்தோம். அங்கேயும் ஐந்து. அவன் முட்டியைத் தட்டிக்கொண்டான்.

"சரி. செவுரு நேராத்தான் கீது. நான்தான் தப்பா பாத்துட்டேன் போல."

அவன் அப்படி நேராக ஒப்புக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இருந்தாலும், "கம்பத்தப் போய் நிமுத்து" என்று சொல்லி அனுப்பினேன். எல்லாரும் சிரித்துக்கொண்டு போனார்கள்.

மோகனப்ரியா மட்டும் சுவர்க் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாம்மா?"

"ஒண்ணுமில்ல மாமா."

"சொல்லு."

"அஞ்சு வந்தா செங்கோணம்தான் மாமா, அதுல சந்தேகமில்ல. ஆனா நாம அளந்தது செவுத்துக்கும் தரைக்கும் நடுவுல இருக்கிற கோணத்த. செவுத்த மட்டும் அளக்கல."

"தரையில்லாம செவுரு எங்க நிக்கும்? ஆகாசத்துலயா?"

அவள் குனிந்து தரைக் கோட்டை அழிக்க ஆரம்பித்தாள். படித்த பெண். எனக்கு எதிராக ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவள் பேசியது அவ்வளவுதான். ஆனால் அது காதில் நுழைந்த கொசு மாதிரி உள்ளேயே சுற்றியது.

நான் ஜெயித்தவன். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஏன் இல்லை என்று எனக்கே புரியவில்லை. கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது கண் தானாக மேலே போனது. பரணுக்கு மேல் சுவர்ப் பூச்சில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல் இருந்தது. அது முன்பே இருந்ததுதான் என்று சொல்லிக்கொண்டேன். கூடத்துக் கதவு நிலையில் ஒட்டியது. ஆடிக் காற்றில் மரம் உப்பியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். காலையில் பெருக்கும்போது சுவரோரம் மட்டும் ஒரு பிடி மணல் சேர்ந்திருந்தது. அதற்கு நான் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. மோகனப்ரியா பார்ப்பதற்கு முன் நானே முறத்தில் அள்ளி வெளியே கொட்டினேன்.

அவள் இல்லாத சமயம் பார்த்து மறுபடி அளந்தேன். நாடாவின் ஒரு நுனியை அம்மிக் குழவியால் தரையில் அழுத்திவைத்து, மறு நுனியை இழுத்தேன். ஐந்து. அடுத்த நாளும் அளந்தேன். ஐந்து. விரிசல் வளர்ந்திருந்தால் மூலையும் விரிந்திருக்க வேண்டும், எண் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. கோபுரம் மாதிரி நிற்கிறது, போதுமா என்று என்னை நானே கேட்டேன். ஆனால் ஒவ்வொரு முறை ஐந்து வரும்போதும் என் பயம் குறைவதற்குப் பதிலாக அதிகமாயிற்று. ஏதோ ஒரு இடத்தில் அந்த எண்ணும் நானும் சேர்ந்து தப்பு செய்கிறோம் என்று தோன்றியது. எந்த இடம் என்று மட்டும் தெரியவில்லை.

சனிக்கிழமை என் அக்கா கெங்கம்மா வந்து இறங்கினாள். திருவொற்றியூரில் கட்டிக்கொடுத்த அக்கா. ஆடிக் கூழுக்கு ஒவ்வொரு வருடமும் அவள்தான் துடுப்பு பிடிப்பாள். அவள் கிண்டாத கூழ் அம்மனுக்கு இறங்காது என்பது அவளுடைய நம்பிக்கை. மறுப்பவர்களுக்கு வாயால் பதில் சொல்லுவாள்.

"இன்னாடா லட்சுமணா, செவுத்த அளந்தியாமே? எங்கூர் பஸ்ஸுலயே பேசிக்கினு வந்தாளுங்க."

"அளந்தேன். நேரா கீது."

"அப்பறம் ஏன் மூஞ்சி கோணலா கீது?"

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சந்து நிறைந்துவிட்டது. சுவரோரம் செங்கல் அடுக்கி, சவுக்குக் கட்டை செருகி, மூன்று அண்டாக்களையும் ஏற்றினார்கள். அண்டாவின் கழுத்தில் வேப்பிலை கட்டியிருந்தது. புளித்த கேழ்வரகு மாவின் வாசமும் புகையும் கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வாசமும் கலந்து தெருமுனை வரை போயிற்று. ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. பெண்கள் தூக்கும் சொம்பும் கொண்டுவந்து சுவர் நிழலில் வரிசை பிடித்தார்கள். வெயில் ஏற ஏற நிழல் சுருங்கும், நிழல் சுருங்கச் சுருங்க வரிசை சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். இந்த வருடம்தான் நான் அதைக் கவனித்துப் பார்த்தேன். ஒரு பெண் இடுப்புக் குழந்தையோடு சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். இன்னொருத்தி சுவரில் ஒரு காலை மடக்கி ஊன்றிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள்.

"செவுத்துல கால வெக்காத" என்றேன்.

"ஏன் தாத்தா, அழுக்காயிடுமா?"

வரிசை சிரித்தது. நான் உள்ளே போய்விட்டேன்.

கூடத்தில் கெங்கம்மா துடுப்பையும் வாளிகளையும் கழுவிக்கொண்டிருந்தாள். சந்தில் குழாயடி முழுக்கக் கூட்டம், அதனால் தண்ணீரை உள்ளே கொண்டுவந்துவிட்டாள்.

"யக்கா, டைல்ஸ் மேலயா கழுவுற? வழுக்கி வுயப் போற."

"எங்க கழுவறது? சின்ன வயசுல நானும் அம்மாவும் கூட கூடையா மீனு கழுவின எடம்தானே இது" என்று சொல்லிக்கொண்டே வாளியைக் கவிழ்த்தாள்.

தண்ணீர் தரையில் பரவியது. பிறகு பரவவில்லை, ஓடியது. யாரோ கூப்பிட்டதுபோல எல்லாத் தண்ணீரும் ஒரே திசையில், மேற்குச் சுவரை நோக்கி ஓடியது. சுவரின் அடியில் போய் முட்டி, அங்கே ஒரு நீளக் குட்டையாக நின்றது.

நான் அந்தக் குட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் கூடம் ஒரு காலத்தில் மீன் அலசும் அறை. சந்தைக்குப் போகும் மீனை அம்மாவும் அக்காவும் அங்கே அலசுவார்கள். கழுவின தண்ணீர் சுவரடி ஓட்டை வழியாகச் சந்து ஜலதாரைக்குப் போக வேண்டும் என்றுதான் அப்பா அந்தத் தரையைச் சுவர்ப்பக்கம் சரித்துப் போட்டார். மீன் வியாபாரம் நின்ற பிறகு ஓட்டையை அடைத்தோம். அந்தச் சரிவின் மேலேயே டைல்ஸ் ஒட்டினோம். டிவி வைத்தோம். பிள்ளைகள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். பிறந்ததிலிருந்து அந்தச் சரிவில் நடந்த எங்கள் கால்களுக்கு அது சமதரை.

தொழிற்சாலையில் மூன்று நான்கு ஐந்து பார்ப்பதற்கு முன்னால் தளத்தில் ரசமட்டம் வைப்போம். குமிழி நடுவில் நின்ற பிறகுதான் நாடாவை எடுப்போம். முதல் வேலையை விட்டுவிட்டு இரண்டாவது வேலையை நான் ஊர் முன்னால் செய்து காட்டியிருக்கிறேன்.

தரை சுவர்ப்பக்கம் இறங்குகிறது என்றால், நேராக நிற்கிற சுவரோடு அது செய்கிற மூலை செங்கோணம் இல்லை. ஒடுங்கின மூலை. நான்கடிக்கு ஓர் அங்குலம் சரிவு என்று வைத்தாலும் குறுக்கே நாடா ஐந்தடிக்கு அரை அங்குலத்துக்கு மேல் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. ஒரு நூல்கூடக் குறையவில்லை. அப்படியானால் தரை எவ்வளவு சரிந்திருக்கிறதோ, அதே அளவு சுவரும் வெளியே சாய்ந்திருக்கிறது. என் ஐந்தடி சுவரைக் காப்பாற்றவில்லை. அதைக் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தது.

"இன்னாடா, பேய் அடிச்ச மாதிரி நிக்கிற?" என்றாள் கெங்கம்மா.

பரணில் கை விட்டுத் துழாவினேன். வெற்றியின் பழைய வலையிலிருந்து கழற்றிய ஈயக் குண்டு ஒன்று கிடைத்தது. தூண்டில் நரம்பில் அதைக் கட்டிக்கொண்டு மாடிக்கு ஏறினேன். கைப்பிடிச் சுவரைப் பிடிக்கக் கை போயிற்று, பிடிக்காமல் இழுத்துக்கொண்டேன். ஓரமாக முழங்காலிட்டு, வெளிப்பக்க விளிம்பில் நரம்பை வைத்து, குண்டைச் சந்துப் பக்கம் மெதுவாக இறக்கினேன்.

கீழே ரகுபதி விறகு தள்ளிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். "இன்னா பெர்சு, அண்டாவுல மீனு புடிக்கிறியா?"

பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். குண்டு ஆடியது. காற்று அடங்கும்வரை காத்திருந்தேன். அது ஆடி ஆடி, ஆட்டம் குறைந்து, நின்றது. மேலே என் விரலுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இல்லை. கீழே அடிச்சுவருக்கும் குண்டுக்கும் நடுவே நான்கு விரல் நுழையும்.

அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. கீழே இருந்தவர்களுக்கு அது கிழவனின் ஏதோ ஒரு வேடிக்கை. நரம்பைச் சுருட்டிக்கொண்டு இறங்கினால் முடிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் படையல், பிறகு முதல் சொம்பு, பிறகு கூட்டம் கலைந்துவிடும். இவ்வளவு நாள் நின்ற சுவர் அதுவரைக்கும் நிற்காதா? சுவருக்கு இரண்டடி தள்ளி அடுப்புத் தீ எரிந்துகொண்டிருந்தது. சூட்டில் அடிப்பூச்சு கறுத்திருந்தது. அந்தப் பெண் குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மறுபடி சுவரில் சாய்ந்தாள்.

நரம்பின் மேல் ஒரு கல்லை வைத்து, குண்டை அப்படியே தொங்கவிட்டு இறங்கினேன். கூடத்து வாசலில் அக்காவும் மோகனப்ரியாவும் நின்றிருந்தார்கள். மருமகளின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது, அவளும் அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டாள்.

"நாலு வெரலு" என்றேன்.

"அய்யோ மாமா. முதல்ல எல்லாரையும் நவுத்துங்க. கத்தாதீங்க, கத்துனா செவுத்தோட தள்ளிக்குவாங்க. கடைசில நிக்கிறவங்கள்ல இருந்து ஆரம்பிங்க."

கெங்கம்மா என் கையைப் பிடித்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இரு. செவுருன்னு சொல்லாத. அம்மா உத்தரவு ஆயிட்ச்சி, எடத்த மாத்தச் சொல்றான்னு சொல்லு. நான் வேணா சாமி வந்து ஆடறேன். எனுக்கு வராத சாமியா? ஒன் மானமும் போவாது, அடுப்பும் நவுந்துடும்."

ஒரு நிமிடம் அதை யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அக்கா ஆடினால் ஊர் நம்பும். ரகுபதிகூட நம்புவான். அடுத்த ஆடிக்கு அம்மன் மறுபடி எங்கள் வாசலுக்கு வந்துவிடுவாள். ஆனால் அம்மன் உத்தரவு அடுப்புக்கு மட்டும்தான். திங்கட்கிழமை காலையில் மீன்காரிகள் இதே நிழலில் கூடையை இறக்குவார்கள். மாலையில் டியூஷன் பிள்ளைகள் செருப்பை இதே சுவரோரம்தான் விடுவார்கள். ஐந்தடி அளந்த சுவராயிற்றே, எதற்கு விலகுவார்கள்?

"வேணாங்க்கா" என்று கையை விடுவித்துக்கொண்டேன்.

மோகனப்ரியா வரிசையின் கடைசிக்குப் போய், ஒவ்வொருத்தியாகத் தோளைத் தொட்டு எதிர்ப்பக்கம் அழைத்துப் போக ஆரம்பித்தாள். நான் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னேன். பாட்டு நின்றதும் சந்து முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அண்டா கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"செவுரு சாஞ்சிருக்குது" என்றேன். "ரகுபதி சொன்னது மெய். யாரும் ஓட வேணாம். இந்தப் பக்கம் நிக்கிறவங்க மெதுவா அந்தப் பக்கம் போங்க. அண்டாவ எறக்கணும். துடுப்பு மரம் நாலு எடுத்தாங்க."

யாரும் அசையவில்லை. நான் கேலி பேசுகிறேனா என்று பார்த்தார்கள்.

"அளந்தியே பெர்சு?" என்றான் ரகுபதி. அவன் குரலில் ஏளனம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "நான்தானே நாடா புடிச்சேன்? சரியா அஞ்சு வந்துச்சே?"

"வந்துது. வந்திருக்கக் கூடாது. நாலடி பதினோரு அங்குலம், அதுக்கு மேல கொஞ்சம். அவ்ளோதான் வந்திருக்கணும். தரை சரிவு. மீனு அலசற தரை. நான் மறந்துட்டேன். மேல போய்ப் பாரு, குண்டு தொங்குது."

அவன் மாடிக்குப் போகவில்லை. சுவரருகே வந்து, தொங்கிக்கொண்டிருந்த ஈயக் குண்டுக்கும் சுவருக்கும் நடுவே கையை நீட்டிப் பார்த்தான். கையை வெளியே எடுத்ததும் அவன் குரல் மாறிவிட்டது.

"ஏய், நவுருங்க! அம்மாடி, கொயந்தய இஸ்துக்கினு இப்படி வா. டேய், மரத்தக் கொண்டாங்கடா!"

அந்த அண்டாக்களை நகர்த்திய நேரம் மாதிரி ஒரு நேரத்தை நான் பார்த்ததில்லை. அண்டாவின் காது வளையத்தில் படகுத் துடுப்பு மரம் கோர்த்து, மரத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் நின்று தூக்க வேண்டும். உள்ளே கொதிக்கிற கூழ். சிந்தினால் கால் வெந்துவிடும். சுவர்ப்பக்கம் நின்று தூக்குகிறவனுக்கு முதுகில் சுவர். அந்தப் பக்கத்துக்கு நான் போனேன். ரகுபதி தடுத்தான். "நீ தள்ளு பெர்சு, ஒன்னால தூக்க முடியாது." நான் நகரவில்லை. அவனும் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். மூன்று முறை தூக்கினோம், மூன்று முறையும் என் பிடரியில் பூச்சு மணல் விழுந்தது. மூன்றாவது அண்டா நடுச் சந்தைத் தாண்டிய பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

பிறகு சந்தின் இரண்டு முனையிலும் படகுக் கயிறு கட்டினார்கள். எல்லாரும் ரகுபதியின் வாசலில் நின்று சுவரைப் பார்த்தார்கள். அது விழும் என்று எதிர்பார்த்தார்கள். அது விழவில்லை. ஒரு செங்கல்கூட உதிரவில்லை.

"இன்னும் வுயலியே?" என்றாள் ஒருத்தி.

"பெர்சு மாதிரியே அதுவும் வெறப்பு" என்றாள் இன்னொருத்தி.

சிரிப்பு எழுந்தது. அந்த நேரத்தில் அது விழுந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். எத்தனை உயிரைக் காப்பாற்றினான் என்று பேசியிருப்பார்கள். அது நின்றுகொண்டே இருந்தது. நான் மட்டும் இறங்கிவிட்டேன். மறுநாள் மேலிருந்து ஒவ்வொரு கல்லாகக் கழற்ற ஆள் சொல்லிவிட்டேன். அதுவரைக்கும் நின்றது.

கூழ் ஆறிக்கொண்டிருந்தது. அண்டாக்களை ரகுபதியின் கிரானைட் வாசலில் வைத்துப் படையல் போட்டார்கள். கெங்கம்மாதான் கற்பூரம் காட்டினாள், என்னைப் பார்க்காமல். முதல் அகப்பை எடுக்கிற நேரம் வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ரகுபதியின் மனைவி அகப்பையோடு அப்படியே நின்றாள்.

"பெர்சு, ஒன் சொம்ப எடுத்தா" என்றான் ரகுபதி.

"அடுப்பு எந்த வாசல்ல கீது?"

"அத்த வுடு. எப்பவும் ஒங்களுதுதானே?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. எந்த வாசல்ல?"

"என் வாசல்ல."

"அப்ப சொம்பு ஒன் வூட்டுது. பிச்ச போடற மாதிரி முறைய மாத்தாத."

அவன் முகம் சிவந்தது. தலைவர் இருமினார். ரகுபதி உள்ளே போய் ஒரு எவர்சில்வர் சொம்பைக் கொண்டுவந்தான். அதில் ஒட்டியிருந்த விலைச் சீட்டைக்கூட யாரும் கிழிக்கவில்லை. அவன் மனைவி ஊற்றினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கினான்.

நான் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். மோகனப்ரியா எங்கள் பித்தளைச் சொம்பை முந்தானையால் மூடிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"நான் நிக்கறேன் மாமா. நீங்க உள்ள போய் உக்காருங்க. வெயிலு ஏறிடுச்சி."

"எந்த உள்ள?" என்றேன். அவள் சுவரைப் பார்த்துவிட்டுச் சொம்பை என்னிடம் நீட்டினாள்.

அந்தப் பக்கம் நிழல் இல்லை. வரிசை மெதுவாக நகர்ந்தது. முன்னால் நின்றவர்கள் எனக்கு இடம் விட்டு ஒதுங்கினார்கள். நான் ஒருவரையும் தாண்டவில்லை. என் முறை வந்தபோது மூன்றாவது அண்டாவின் அடி தெரிந்தது. ரகுபதியின் மனைவி சுரண்டி எடுத்து ஊற்றினாள். பாதிச் சொம்புக்கும் கொஞ்சம் குறைவாக வந்தது. கருவாட்டுக் குழம்பு தீர்ந்துவிட்டது. ஒரு சின்ன வெங்காயம் கொடுத்தாள்.

அங்கேயே நின்று குடித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உப்பு சரியாக இருக்கிறது என்று சொன்னேன். கூட்டத்துக்குப் போதவேண்டும் என்று கடைசி அண்டாவில் தண்ணீரைக் கொஞ்சம் அதிகமாக விட்டுவிட்டாய் என்பதையும் சொன்னேன்.